இழுத்தால் நிறம் மாறும் நூல்

ஆய்வுகூட உதவியாளர் உத்தியோகம் என்பது, பெரியவர்கள் யோசித்ததைச் செய்து பார்த்து, அது வேலை செய்யவில்லை என்ற செய்தியை அவர்களிடமே போய்ப் பயந்து பயந்து சொல்கிற உத்தியோகம். தையல் மெஷினோ, தேயிலை அரைக்கிற ரோலரோ, ஏதாவது ஒரு இயந்திரத்தோடு காலம் தள்ளியவர்களுக்கு என் கஷ்டம் விளங்கும். தனியாக இருக்கும்போது ஒழுங்காக ஓடும். நாலு பேர் வந்து பார்த்தால் நின்றுவிடும்.

என் இயந்திரம் ஒரு நூல். இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்களில் ஹட்டன் டவுனில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் எங்கள் ஆய்வுகூடம் இருந்தது. இரண்டே அறை. அதை நடத்திய சிவநேசன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். வெளிநாட்டில் லேசர் பற்றிப் படித்துவிட்டு, மலைநாட்டில்தான் வேலை செய்வேன் என்று வந்தவர். நான் டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, ஏ.எல். விஞ்ஞானம் படித்து, அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தவள்.

சேரின் யோசனை இதுதான். ரப்பர் மாதிரி இழுபடுகிற ஒரு வகைப் பிளாஸ்டிக்கில் சாயம் கலந்து, தலைமயிரைவிடக் கொஞ்சம் தடித்த நூலாக இழுக்க வேண்டும். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு நெருக்கமாகக் கோடுகள் பதிக்க வேண்டும். சின்னப் பச்சை லேசர் ஒன்றால் அந்த நூலை அடித்தால், நூலே ஒரு லேசராகி நுனியில் மஞ்சள் ஒளி விடும். இழுத்தால் கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் கூடி, மஞ்சள் செம்மஞ்சளாகும். இன்னும் இழுத்தால் சிவக்கும். வெடித்த சுவரின் குறுக்கே அந்த நூலை ஒட்டிவிட்டால், சுவர் எவ்வளவு நகர்கிறது என்று நிறத்தை வைத்தே சொல்லலாம். மழைக்கு மண் சரிகிற எங்கள் மலைகளில் வெடித்த சுவருக்குப் பஞ்சமே இல்லை.

வைப்பர் மோட்டர்

நூல் இழுக்கிற வேலையை முதல் இரண்டு மாதம் கையால்தான் செய்தேன். பிளாஸ்டிக் துண்டைச் சூடாக்கி, பதம் வந்ததும் நுனியைக் குறட்டால் பிடித்துக்கொண்டு அப்படியே பின்னால் நடக்க வேண்டும். அறை முடிகிற இடத்தில் கதவு. கதவைத் தாண்டினால் மாடிப்படி. ஒருநாள் நூல் நன்றாக வருகிற சந்தோஷத்தில் கதவையும் தாண்டிப் போய் மூன்று படி உருண்டேன். நூல் அறுந்தது, முழங்கை சிராய்ந்தது, கீழே கடைக்காரர் ரேடியோவை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

அந்த வாரமே சேர் குணதாச பாஸைக் கூட்டி வந்தார். பக்கத்துத் தேயிலை ஃபாக்டரியில் இயந்திரம் திருத்துகிறவர்; அப்படிப்பட்ட தொழிலாளிகளை இங்கே பாஸ் என்போம். சிங்களவர், ஆனால் தோட்டத்து ஆட்களோடு பேசிப் பேசி எங்கள் தமிழையே பேசுவார். பழைய லொறி ஒன்றின் வைப்பர் மோட்டரைக் கழற்றி, மரச்சட்டம் ஒன்றில் பூட்டி, நூல் சுற்றுகிற உருளை செய்து தந்தார். அப்படியும் என் நூல் ஒரு இடத்தில் தடித்து ஒரு இடத்தில் மெலிந்தே வந்தது. நான் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக நின்றேன். அரை மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர் என் கையை மெதுவாக விலக்கிவிட்டுச் சொன்னார்: "மிஸ், மோட்டருக்கு அவசரம் இல்ல. ஒங்களுக்குத்தான் அவசரம். நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க."

முதல் புள்ளி

டீ குடித்துவிட்டு வந்தபோது உருளையில் ஒரே சீரான நூல் சுற்றியிருந்தது. அது லேசரானது அதற்கும் நாலு மாதம் கழித்து. அதுவரை நூல் மினுங்கும், அவ்வளவுதான். மார்க்கர் பேனாவால் கோடு போட்ட காகிதம் வெயிலில் மினுங்குமே, அந்த மாதிரி ஒரு சோம்பல் வெளிச்சம். பச்சை லேசரின் பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு தடவையும் குறிப்புக் கொப்பியில் "மினுங்கல்" என்று எழுதி எழுதி எனக்கு அந்தச் சொல்லே வெறுத்துப்போனது.

ஒரு வியாழக்கிழமை காலை, வழக்கம்போல பலத்தைக் கூட்டினேன். நூலின் நுனிக்கு எதிரே நிறுத்திய வெள்ளை அட்டையில் கூர்மையாக ஒரு மஞ்சள் புள்ளி விழுந்தது. பலத்தைக் குறைத்தேன், புள்ளி போய் மினுங்கல் வந்தது. கூட்டினேன், புள்ளி வந்தது. சேர் பக்கத்து அறையில் இருந்தார். போய் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவர் குனிந்து அட்டையைப் பார்த்தார். பிறகு நூலைத் தாங்கிய திருகாணியைத் தானே மெல்லத் திருகி நூலை இழுத்தார். மஞ்சள் செம்மஞ்சளானது. திருப்பி விட்டார், மஞ்சளானது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பிள்ளை, கொப்பியில மினுங்கல் எண்ட சொல்லை வெட்டிப்போட்டு லேசர் எண்டு எழுதும்."

பெட்டிக்குள் என்ன

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நூலைச் சோதித்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பாதி வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். பெட்டியைத் திறந்தால் ஒரு பற்றரி, ஒரு கட்டு வயர், உலோகக் குழாய் ஒன்று, கறுப்பு டியூப். தோட்டத்து விலாசம் போட்ட அடையாள அட்டையோடு ஒரு தமிழ்ப் பெண். அந்த யுத்த காலத்தில் இருந்தவர்களுக்கு நான் எப்படி நின்றிருப்பேன் என்று தெரியும்.

பஸ் எனக்காக நிற்கவில்லை. அவர்களில் பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். மண் சரிவைப் பார்க்கிற கருவி என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். நம்பவில்லை. காட்டு என்றார். காவல் கொட்டிலுக்குள் மேசையில் வைத்து, கண்ணுக்கு நேரே பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, லேசரைப் போட்டேன். அட்டையில் மஞ்சள் புள்ளி விழுந்தது. திருகாணியை அவரிடமே கொடுத்தேன். திருகினார், நிறம் மாறியது. பின்பக்கம் திருகினார், பழைய நிறம் வந்தது. மூன்று தடவை அப்படிச் செய்தார். பிறகு பெட்டியைத் தானே மூடி, அடுத்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, பெட்டியை ஏற்றியும் விட்டார். அவர் சிங்களத்தில் சொன்னதை, தங்கச்சி என்று பொருள்படும் நங்கியை மட்டும் விட்டுவிட்டு, அப்படியே தமிழில் தருகிறேன்: "எங்க ஊர்லயும் மலை சரியுது, நங்கி. ஒரு நாளைக்கு அங்கயும் இதைக் கொண்டு போங்க."

சாமி படம்

எங்களுக்குக் காட்டிய லயம் ஒரு செங்குத்தான சரிவுக்குக் கீழே இருந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா; கடைசிக் காம்பராவில் பாக்கியம் அக்கா குடியிருந்தார். கொழுந்து பறிக்கிறவர், நாற்பது வயதிருக்கும், பேச்சில் சுற்றி வளைப்பே கிடையாது. வெடிப்பு எங்கே என்று கேட்டேன். சுவரில் ஒட்டியிருந்த முருகன் கலண்டர் படத்தைக் காட்டினார். படம் நடுவில் மேலிருந்து கீழாகக் கிழிந்திருந்தது. வெடிப்பை மறைக்கத்தான் படம் ஒட்டினாராம். வருடத்துக்கு ஒரு படம் கிழிந்ததாம். இந்த வருடம் இது மூன்றாவது படம்.

நான் படத்தை மெதுவாக உரித்து அவர் கையில் கொடுத்தேன். வெடிப்பின் குறுக்கே நூலை ஒட்டி, சாயம் வெளிறாமலிருக்கக் கறுப்பு டியூப்பால் மூடினேன். பக்கத்தில் இன்னொரு நூலையும் வைத்தேன். அதைச் சுவரில் ஒட்டாமல் ஒரு சின்னச் சட்டத்தில் சும்மா தொங்கவிட்டேன். சூடு குளிரால் நிறம் மாறினால் இரண்டும் சேர்ந்து மாறும், சுவர் நகர்ந்தால் ஒட்டிய நூல் மட்டும்தான் மாறும் என்று சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மடித்து வைத்த படத்தைப் பார்த்தபடி சொன்னார்: "சாமி படம் கிழியறப்பல்லாம் பயந்து பயந்து எந்திரிச்சிருக்கேன் தங்கச்சி. இனிமே நூலப் பாத்து பயந்துக்கறேன்."

தேயிலைப் பொட்டலம்

பெட்டியை லயத்திலேயே விட்டுவிட்டு, ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் போய் நிறம் பார்த்துக் குறித்துவிட்டு வருவேன். இரண்டு மாதத்தில் புள்ளி மங்கத் தொடங்கியது. நூலை மாற்றினேன், பற்றரியை மாற்றினேன், சரி வரவில்லை. கடைசியில் பச்சை லேசரின் கண்ணாடி வில்லையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சணம். அந்தப் பக்கத்துப் பனி அப்படி. பாக்கியம் அக்கா நல்ல மனதோடு பெட்டியை வாங்கி, விறகு காய வைக்கிற அடுப்புப் பரணில் ஒரு வாரம் வைத்திருந்தார். பூஞ்சணம் நின்றது. பதிலுக்குப் புகை படிந்து கண்ணாடி தேன் நிறமானது.

சேரிடம் சொன்னபோது, "பூஞ்சணமும் புகையும் ரெண்டும் உம்மட சொந்தக்காரர், நீரே கதைச்சு அனுப்பும்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். வழி சொன்னவர் குணதாச பாஸ்தான். ஃபாக்டரியில் காய்ந்த தூள் கொஞ்சம் எடுத்து, மெல்லிய சீலையில் பொட்டலமாகக் கட்டி, பெட்டிக்குள் வைக்கச் சொன்னார். வாரத்துக்கு ஒரு பொட்டலம். அதற்குப் பிறகு வில்லையில் பூஞ்சணம் வந்ததேயில்லை. முதல் பொட்டலத்தைத் தரும்போது அவர் சொன்ன எச்சரிக்கை: "தேயில ஈரத்தக் குடிச்சிரும் மிஸ். அந்தத் தேயிலைய மட்டும் நீங்க குடிச்சிறாதீங்க."

தொரை வந்த அன்று

இது என் பிழை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். தோட்டத்து மேனேஜரை எல்லோரும் தொரை என்பார்கள். அவர் விருந்தாளிகள் இருவரோடு நூலைப் பார்க்க வந்தார். நல்லபடியாகக் காட்ட வேண்டும் என்று நான் காலையிலேயே போய், டியூப்பைத் திறந்து எல்லாவற்றையும் துடைத்தேன். துடைத்தவள் மூட மறந்துவிட்டேன். கூரைத் தகர ஓட்டை வழியாக விழுந்த வெயில் மூன்று மணி நேரம் நேராக நூலின்மேல். சாயம் வெளிறிவிட்டது. அவர்கள் வந்து நின்றதும் லேசரைப் போட்டேன், ஒன்றும் இல்லை. பலத்தைக் கூட்டினேன், மினுங்கக்கூட இல்லை. தொங்கவிட்ட நூலும் அப்படியே. வேறு நூல் கொண்டு வந்திருக்கவுமில்லை. தொரை வெடிப்பைக் கையால் தடவிப் பார்த்து, இதற்குக் கொஞ்சம் சீமெந்து பூசி அது வெடிக்கிறதா என்று பார்த்தால் போதாதா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சீமெந்து வெடித்தது என்று மட்டும் சொல்லும், எவ்வளவு, எத்தனை நாளில் என்று சொல்லாது என்ற பதில் எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல், வெளிறிய நூலின்மேல் டியூப்பைத் திரும்ப மூடிக்கொண்டிருந்தேன். போகிற வழியில் அவர் விருந்தாளிகளிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "வெளிச்சம் பட்டா செத்துப்போற வெளிச்சத்த நான் இப்பதான் பாக்குறேன்."

தொங்குகிற நூல்

அதற்குப் பிறகு எப்போதும் ஐந்து நூல் கூடுதலாகக் கொண்டு போனேன். மாதக்கணக்கில் மஞ்சள், மஞ்சள், மஞ்சள். பாக்கியம் அக்கா வேலை முடிந்து வந்தால் அட்டையை அவரே பிடிப்பார். "இன்னிக்கும் மஞ்சதான்" என்று எனக்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார். பிறகு தென்மேற்கு மழை பிடித்தது. ஒன்பது நாள் விடாமல் பெய்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நான் போனபோது ஒட்டிய நூலின் புள்ளி செம்மஞ்சளையும் தாண்டிச் சிவந்திருந்தது.

என் கருவியை நம்ப எனக்கே துணிச்சல் வரவில்லை. நூலை மாற்றி ஒட்டிவிட்டுக் காத்திருந்தேன். புது நூல் மஞ்சளில் தொடங்கியது. ஒன்றரை மணி நேரத்தில் அதுவும் செம்மஞ்சள் பக்கம் சாய்ந்தது. மழையில் ஓடிப்போய் தோட்டத்து ஆபிஸ் போனிலிருந்து சேரைக் கூப்பிட்டேன். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிழையாகச் சொல்லி ஆட்களைக் கிளப்பிவிட்டால் இனி எந்தத் தோட்டமும் எங்களை உள்ளே விடாது. அவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். பிறகு கேட்டார், சும்மா தொங்குகிற நூல் என்ன நிறம் என்று. மஞ்சள்தான் சேர், அசையவேயில்லை என்றேன். அவர் சொன்னது: "அப்ப என்னோட கதைச்சுக்கொண்டு நிக்காதையும் பிள்ளை. போய்ச் சனத்தை வெளியில எடும்."

பிள்ளைக்காம்பரா

சனத்தை வெளியில் எடுப்பது சொல்வது மாதிரி இல்லை. பன்னிரண்டு குடும்பம். மழையில் சட்டி பானையோடு எங்கே போவது என்றார்கள். போன வருடமும் இப்படித்தான் மழை பெய்தது, மலை எங்கேயும் போகவில்லையே என்றார் ஒருவர். நான் கோடு, இடைவெளி, அலைநீளம் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவருக்கும் ஏறவில்லை. கொழுந்து பறிக்கிற மலைக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டதும் பாக்கியம் அக்கா நனைந்துகொண்டே வந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேரே உள்ளே போய் அட்டையைப் பிடித்தார். புள்ளியைப் பார்த்தார். தொங்குகிற நூலின் புள்ளியையும் பார்த்தார். வெளியே வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, எட்டு மாதமாக மஞ்சளாகவே இருந்ததையும் இன்றைக்கு அது மாறியிருப்பதையும் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். பிறகு தன் பாயையும் அரிசிச் சட்டியையும் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம், பிறகு இரண்டு, பிறகு எல்லோரும்.

தொரை ஜீப்பில் வந்து இறங்கினார். என்னிடம் கோபமாகப் பேசுவார் என்று தயாராக நின்றேன். எனக்கும் அட்டையைக் காட்டு என்றார். காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பரா மேட்டுச் சமவெளியில் இருந்தது; அதைத் திறந்துவிடச் சொல்லி, லொறியும் அனுப்பச் சொன்னார். ஜீப்பில் ஏறும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: "இன்னைக்கு அது செத்துப்போகல போல இருக்கு."

வெயில் அடித்த மத்தியானம்

இனி நான் சொல்லப்போவது, உங்களில் யாராவது ஒரு எச்சரிக்கை கொடுத்துவிட்டுக் காத்திருந்திருந்தால் தெரிந்திருக்கும். அடுத்த நாளே மழை விட்டது. அதற்கடுத்த நாள் நல்ல வெயில். மலை அப்படியே நின்றது. பிள்ளைக்காம்பராவில் நெருக்கியடித்துப் படுத்தவர்கள் என்னைப் பார்க்கிற பார்வை மாறியது. காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது யாரோ என்னைக் காட்டிச் சிரித்தார்கள். இரண்டு குடும்பம் திரும்பிப் போக மூட்டை கட்டிவிட்டது. நான் ஊருக்குப் போகாமல் அங்கேயே இருந்தேன். மலை சரிய வேண்டும் என்று நினைக்க முடியாது. சரியாவிட்டால் என்ன சொல்வது என்றும் தெரியாது. பாக்கியம் அக்கா மட்டும் அந்த இரண்டு குடும்பத்தின் மூட்டைமேலேயே உட்கார்ந்துகொண்டு, இன்னும் ஒரு நாள் பாருங்க, ஒரே ஒரு நாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம், பளிச்சென்ற வெயிலில், பெரிய லொறி ஒன்று கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நாங்கள் வெளியே ஓடி வந்தபோது லயத்தின் பின்னாலிருந்த சரிவு, மேலே நின்ற தேயிலைச் செடிகளோடு சேர்ந்து, கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கடைசி நான்கு காம்பராவும் அதற்குள் போயின. தூசி அடங்கியது. பாக்கியம் அக்கா ஒவ்வொரு குடும்பமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எல்லாக் குடும்பமும் குரல் கொடுத்தது. நான் புல்லில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "வீடு போச்சு தங்கச்சி. அதுக்குள்ள யாரும் போகல. நீ அழாத."

இன்னும் பத்துச் சுவர்

புது வீடுகள் உடனே வரவில்லை. கடிதம், கூட்டம், அளக்க வந்தவர்கள், திரும்ப அளக்க வந்தவர்கள் என்று இரண்டு வருடம் ஆனது. ஆனால் வந்தன. சமவெளியில், தனித்தனி வாசலோடு. பாக்கியம் அக்காவின் வீட்டுச் சுவரில் இப்போது முருகன் படம் முழுதாகத் தொங்குகிறது. நான் போனால் அதைத்தான் முதலில் காட்டுவார்.

சரிவுக்கு அடுத்த வாரம் நான் ஹட்டனுக்குத் திரும்பி, எங்கள் கருவி வெற்றி என்று பெரிதாக ஒரு அறிக்கை எழுதிக் கொண்டுபோய்ச் சேரிடம் நீட்டினேன். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். முழுவதும் படித்தார். "வெற்றி" என்ற சொல் வந்த இடமெல்லாம் பென்சிலால் மெல்லக் கோடு போட்டார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். தொரை எழுதியது. தன் தோட்டத்தின் மற்றப் பிரிவுகளில் வெடித்த சுவர்களின் பட்டியல், நூல் எப்போது கிடைக்கும் என்ற கேள்வியோடு. சேர் சொன்னார்: "ஒரு மலையை வச்சு நிரூபிச்சம் எண்டு சொல்லேலாது பிள்ளை. இதில பத்துச் சுவர் இருக்கு. நாளைக்கு மோட்டரைப் போடும்."

எங்கள் உத்தியோகத்தில் கருவி பழுதானால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், ஒழுங்காக வேலை செய்தால் இன்னும் வேலை கேட்டுக் கடிதம் வரும். இரண்டில் எந்தக் கஷ்டம் வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால், இரண்டாவதைக் கொஞ்சம் அதிகமாகவே தாருங்கள் என்றுதான் சொல்வேன்.